பூங்கா இணைப்புப் பாதைகளில் சறுக்குப்பலகைக்கு இடம் வேண்டுமா?

காலாங்கரைவாசி:

சிங்கப்பூரில் காலால் உந்தி ஓட்டும் சறுக்குப்பலகையை நடைபாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் ஓட்டுவதற்கு இன்று சட்டம் இடம் தருகிறது; சாலையில் மட்டும் கூடாது. நடைபாதையில் உச்சவேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். மிதிவண்டிகளும் செல்லும் பகிர்வுப் பாதைகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் 25 கிலோமீட்டர். எங்கள் வட்டாரத்தில் அண்மையில் நடந்த குடியிருப்பாளர் சந்திப்பில், பலகை ஓட்டுபவர்களைச் சறுக்குப் பூங்காக்களுக்குள் மட்டும் அனுமதித்துவிட்டு மற்றப் பாதைகளிலிருந்து விலக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது அரங்கில் பாதிப்பேர் கைதட்டினார்கள். எழுத்து மூலம் கருத்துச் சொல்ல இன்னும் அவகாசம் இருப்பதால், கடிதம் எழுதுவதற்கு முன் இங்கே பேசிப் பார்க்க விரும்புகிறேன்.

தடை வேண்டாம் என்பது என் நிலை. சறுக்குப் பூங்கா என்பது வித்தை பழகும் இடம். ஈஸ்ட் கோஸ்ட்டில் இருக்கும் குழிவுகளும் சாய்தளங்களும் கைப்பிடிக் கம்பிகளும் அதற்காகவே கட்டப்பட்டவை. பொத்தோங் பாசிரிலிருந்து பீஷான் வரை காலாங் ஆற்றோரமாகப் போக நினைக்கும் ஒரு மாணவனுக்கு அந்தக் குழிவுகளால் எந்தப் பயனும் இல்லை. அவனுக்கு வேண்டியது வழி. பூங்காக்களை ஒன்றோடொன்று கோப்பதற்கென்றே கால்வாய்க் கரைகளையும் மேம்பாலங்களின் அடிநிலத்தையும் பயன்படுத்தி அமைக்கப்பட்ட பாதைகளில், காரில்லாமலும் மின்சாரமில்லாமலும் தன் காலால் போகிற ஒருவனை வெளியே நிறுத்துவது அந்தப் பாதைகளின் நோக்கத்துக்கே எதிரானது.

2019ஆம் ஆண்டு நடந்ததை யாரும் மறக்கவில்லை என்பதை அறிவேன். அந்தச் செப்டம்பரில் பிடோக்கில் மிதிவண்டியில் சென்ற ஒரு மூதாட்டி மின்ஸ்கூட்டர் மோதி உயிரிழந்தார். நவம்பர் 5ஆம் தேதி மின்ஸ்கூட்டர்கள் நடைபாதைகளிலிருந்து தடைசெய்யப்பட்டன. 2020 ஏப்ரலில் மோட்டார் பொருத்திய மற்றச் சாதனங்களுக்கும் அதே தடை விரிந்தது. அந்த முடிவை அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். 20 கிலோ எடைவரை இருக்கும் ஒரு இயந்திரம், ஓட்டுபவர் விரலை அசைத்தாலே உச்சவேகத்துக்குப் போய்விடும். மூன்று கிலோ அளவுள்ள மரப்பலகையை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக ஓட்டுபவர் வியர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் அன்றைய சந்திப்பில் என்னை வருத்தியது.

மாலைநடை:

ஐயா, உங்கள் வாதத்தில் நியாயம் இருந்தாலும், பாதையில் மெதுவாக நடப்பவர்களை நீங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் கணவர் பக்கவாதத்துக்குப் பிறகு நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறார். அவருக்கு இடப்பக்கம் வலுவில்லை. பின்னாலிருந்து சக்கரம் உருளும் ஓசை கேட்டால் நீங்களும் நானும் தலையைத் திருப்பிப் பார்ப்போம், ஓர் அடி ஒதுங்குவோம். அவர் திரும்பினால் நிலைதடுமாறுவார். ஆகவே ஓசை கேட்டதும் அப்படியே நின்றுவிடுகிறார். ஊன்றுகோலின் பிடியை இறுக்கிக்கொள்கிறார். ஓசை கடந்து போகும்வரை மூச்சுக்கூட விடுவதில்லை. பலகையில் வந்த பிள்ளை பெரும்பாலும் மரியாதையான பிள்ளைதான், விலகித்தான் போகிறான். இவருக்கு மட்டும் அடுத்த பத்து நிமிடம் கை நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மோதல் நடந்தால்தான் பாதிப்பு என்று கருதுகிறோம். அஞ்சி வீட்டோடு இருந்துவிட்டவர் எந்த விபத்துக் கணக்கிலும் வரமாட்டார். பாதை பாதுகாப்பாக இருப்பதாகக் கணக்குச் சொல்லும். நடக்க வேண்டியவர்கள் வராததால்தான் அது அப்படிச் சொல்கிறது. மருத்துவர் நடக்கச் சொன்னது ஆற்றோரத்தில். இவர் இப்போது நடப்பது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், தூண்களைச் சுற்றிச் சுற்றி.

மாணவனுக்கு வழி வேண்டும் என்கிறீர்கள். அவனுக்கு மிதிவண்டி இருக்கிறது, பேருந்து இருக்கிறது, இரண்டு நல்ல கால்கள் இருக்கின்றன. என் கணவருக்கு இந்த ஒரு பாதைதான்.

நாற்சக்கரன்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. நான் பலகை ஓட்டுபவன். பின்னாலிருந்து வரும் ஓசை ஒருவரை இப்படி உறையவைக்கும் என்பதை எங்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கமாட்டோம். இனி என்னுடன் ஓட்டும் நண்பர்களிடம் சொல்வேன்.

ஆனால் பலகை எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் எந்த விதியும் நிலைக்கும் என்பதால் சிலவற்றை விளக்க வேண்டியிருக்கிறது. பலகையில் இரண்டு வகை இருக்கிறது. வித்தைக்கான பலகையின் சக்கரங்கள் ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தில், கல்போலக் கெட்டியாக இருக்கும். அவைதான் சிமெண்டுத் தரையில் அந்தப் பெரும் இரைச்சலை எழுப்புகின்றன. பயணத்துக்கான நீளப்பலகையின் சக்கரங்கள் ஏழு சென்டிமீட்டர் அளவில், மென்மையான பாலியூரித்தேனால் ஆனவை. அவை கிட்டத்தட்ட ஓசையின்றி உருளும். பூங்காப் பாதையில் தூரம் போகிறவர் பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் வைத்திருப்பார், ஏனென்றால் முதல் வகையில் கால்மணி நேரம் போனாலே கணுக்கால் மரத்துவிடும்.

நிறுத்துவதற்குப் பலகையில் கருவி எதுவும் கிடையாது. பின்காலைத் தரையில் வைத்துக் காலணியின் அடியைத் தேய்த்து வேகத்தைக் குறைக்கிறோம். உடல் எடை முழுவதும் அப்போது முன்காலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை முன்னே ஓடிவிடும். பழகியவர் சமதளத்தில் ஓடும் வேகத்திலிருந்து சில மீட்டருக்குள் நிற்பார். இன்னும் எளிய வழி, பலகையைவிட்டு இறங்கி இரண்டு எட்டு ஓடுவது. மிதிவண்டியில் வருபவரால் அப்படி இறங்கிவிட முடியாது. சமதளத்தில் நான் சாதாரணமாகப் போவது மெதுவோட்டக்காரரைவிடச் சற்று அதிகமான வேகம். 25 கிலோமீட்டரைத் தொட வேண்டுமானால் பந்தயத்துக்கு ஓட்டுவதுபோல் உந்த வேண்டும், அதையும் வெகுதூரம் நீட்டிக்க முடியாது.

எங்களை உண்மையில் கீழே தள்ளுவது மனிதர்கள் அல்ல, மரங்கள்தான். தூங்குமூஞ்சி மரத்தின் காய்ந்த காயோ விரல் பருமன் சுள்ளியோ கெட்டிச் சக்கரத்தின் அடியில் மாட்டினால் பலகை அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஓட்டுபவர் மட்டும் தொடர்ந்து போவார். அதனால்தான் நிழல் அடர்ந்த பகுதிகளில் அனுபவமுள்ளவர் யாரும் வேகமாகப் போவதில்லை.

சாய்வுமானி:

இந்த இழையில் இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் சமதளத்தைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். நான் கட்டுமானப் பொறியியல் துறையில் இருப்பவன். என் பார்வையில் இந்த விவாதத்தின் முடிச்சு சரிவில் இருக்கிறது.

கால்வாயோரப் பாதை பெரும்பாலும் மட்டமாக ஓடும். சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் பாலத்தின் அடியில் இறங்கி மறுபுறம் ஏறும். அப்படி ஒரு சுரங்கப்பாதையின் நுழைவு மூன்று மீட்டர் கீழிறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே அசையாமல் நின்று, எதுவும் செய்யாமல் உருண்டால், உராய்வையும் காற்றின் தடையையும் கணக்கில் கொள்ளாதபோது, அடியை அடையும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டருக்கும் மேல். உண்மையில் உராய்வு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆனால் யாரும் நின்ற நிலையிலிருந்து தொடங்குவதில்லை, ஏற்கெனவே உள்ள வேகத்தோடுதான் இறங்குகிறார்கள் என்பதால் மொத்தத்தில் அதே எல்லையைத் தொட்டுவிடலாம். நண்பர் காலாங்கரைவாசி சொன்ன வியர்வை இங்கே தேவையில்லை, புவியீர்ப்பே போதும்.

மிதிவண்டியும் அதே சரிவில் அதே வேகத்தை அடையும். வேறுபாடு என்னவென்றால், அதன் பிரேக்கைச் சரிவின் தொடக்கம் முதலே மெல்லப் பிடித்துக்கொண்டு வரலாம், இரு கைகளும் நிலையாக இருக்கும். பலகையில் அந்த வேலையை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலால் செய்ய வேண்டும். வேகம் கூடக்கூட அது கடினமாகிறது. பலகையைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களைச் சறுக்கவிட்டு நிறுத்தும் முறை ஒன்று உண்டு. அது கைதேர்ந்தவர்களுக்கானது, அதற்குப் பாதையின் அகலமும் வேண்டும். மழைக்குப் பிறகு ஈரத் தரையில் இரண்டு முறைகளும் பாதி பலனைத்தான் தரும். சுரங்கப்பாதையின் அடியில் வெளிச்சம் குறைவு, வளைவு இருந்தால் எதிரே வருபவர் தெரியமாட்டார், தண்ணீர் தேங்கும் இடமும் அதுதான். மோதலின் வலிமை வேகத்தின் இருமடிப்படி கூடும்: 12 கிலோமீட்டரில் வருபவரோடு ஒப்பிட்டால் 24இல் வருபவரிடம் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் பலகை நிற்காது. மூன்று கிலோ மரமும் இரும்பும் கணுக்கால் உயரத்தில் தனியே பாய்ந்து வரும்.

ஆகவே பலகையை எல்லா இடத்திலும் தடைசெய்வதையும் எல்லா இடத்திலும் விட்டுவிடுவதையும் நான் ஏற்கவில்லை. சரிவுகளில் இறங்கி, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று விதி இருக்கட்டும். சமதளத்தில் இன்றைய உரிமை தொடரட்டும்.

மாலைநடை:

கணக்கை விளக்கியதற்கு நன்றி. எனக்கு ஒரே கேள்வி. இறங்கி நடக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை மிதிவண்டிகளுக்கு ஏற்கெனவே பல சுரங்கப்பாதைகளிலும் மேம்பாலங்களிலும் இருக்கிறது. அதன் அருகே சற்று நேரம் நின்று, எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? மீறினால் பிடிக்க ஆளில்லாத இடத்தில் விதியை எழுதிவைத்து, அதை நம்பி முதியவர்களை நடக்கச் சொல்வது நேர்மையாகாது.

பெர்கன்வாசி:

பணியின் பொருட்டு நோர்வேயில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அந்த நாடு 1978 முதல் 1989 வரை சறுக்குப்பலகையை முழுமையாகத் தடைசெய்திருந்தது. ஓட்டுவது மட்டுமல்ல, விற்பதும் குற்றம். குழந்தைகளின் காயங்களைப் பற்றிய அச்சமே காரணம், அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஓட்ட விரும்பியவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்: பலகைகளை மறைத்துக் கொண்டுவந்தார்கள், காட்டுக்குள் யார் கண்ணிலும் படாத இடத்தில் மரத்தால் சாய்தளம் கட்டினார்கள். பெரியவர்கள் பார்த்துத் திருத்தக்கூடிய இடத்திலிருந்து, அடிபட்டால் தூக்கிவிட ஆளில்லாத இடத்துக்குப் பிள்ளைகள் நகர்ந்தார்கள் என்பதே அந்தப் பதினொரு ஆண்டுகளின் பலன் என்று என்னோடு வேலை செய்த, அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்த இருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே ஆற்றோரத்தில் தடைவிதித்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அடுக்குமாடி வாகன நிறுத்தகங்களின் சாய்தளங்களுக்குத்தான். அதைவிட ஆற்றோரம் மேல்.

இருமகள்தாய்:

என் மூத்த மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பொங்கோல் நீர்வழியோரம் பலகை ஓட்டுகிறாள். பெற்றோர் தரப்பிலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

வாகனங்களுக்கு விதிகளை எழுதியவர்கள் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. மின்ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு வயது வரம்பு இருக்கிறது, எழுத்துத் தேர்வு இருக்கிறது. பலகைக்கு எதுவும் கிடையாது. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, ஏனென்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் கடையில் பலகையை விற்பவர், நிறுத்தக் கற்றுக்கொள்ளாமல் பாதைக்குப் போகாதே என்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். என் மகள் உந்தக் கற்றது ஒரே மாலையில். நம்பிக்கையோடு நிறுத்தக் கற்றது அதற்கு வெகுநாட்களுக்குப் பிறகு. இடையில் அவளைப் பாதைக்கு விடாமல், எங்கள் புளோக்குக்கு அருகே இருக்கும் காலியான கூடைப்பந்துத் திடலில் வைத்திருந்தோம். எல்லாப் பெற்றோரும் அப்படிச் செய்வதில்லை.

காதில் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு ஓட்டுவதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்கமுடியாது. நடப்பவர் மாட்டிக்கொள்வதையும் நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்; ஆனால் சக்கரத்தின் மேல் நிற்பவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

நாற்சக்கரன்:

சாய்வுமானி ஐயா எழுதியதை மறுக்கமாட்டேன். சுரங்கப்பாதைச் சரிவில்தான் எங்களில் பலருக்கு அடிபட்டிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் அங்கே தாமாகவே இறங்குகிறார்கள், புதியவர்கள்தான் இறங்குவதில்லை. பலகைக்காரருக்கு இறங்கி நடப்பது மிதிவண்டிக்காரரைப்போல் சுமையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வால்பகுதியை ஒரு மிதி மிதித்தால் பலகை கைக்கு வந்துவிடும். அக்குளில் இடுக்கிக்கொண்டால் நானும் நடப்பவன்தான். மிதிவண்டிக்காரர்கள் அந்த அறிவிப்பை மீறுவதைக் காட்டி நாங்களும் மீறுவோம் என்று முடிவுசெய்ய வேண்டாம், அம்மா.

உங்கள் கணவரைப் பற்றி இன்னொரு செய்தி. பின்னாலிருந்து வரும்போது மணியடிப்பதா, குரல் கொடுப்பதா, பேசாமல் விலகிப் போவதா என்பதில் எங்களிடையே ஒத்த கருத்து இல்லை. குரல் கொடுத்தால் சிலர் பதறி, நாங்கள் போகவிருக்கும் பக்கத்துக்கே நகர்ந்துவிடுகிறார்கள். ஊன்றுகோலோடு நடப்பவரைக் கண்டால் என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்; அதன்படி செய்கிறோம்.

மாலைநடை:

தம்பி, கேட்டதற்கு நன்றி. இதுவரை யாரும் கேட்டதில்லை. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, தளர்நடை எதைக் கண்டாலும் பத்து எட்டுக்கு முன்பே பலகையைவிட்டு இறங்கிவிடுங்கள். காலடி ஓசையோடு கடந்து போங்கள். போகும்போது "வலப்பக்கம் வருகிறேன்" என்று மெல்லச் சொன்னால் போதும். மனிதக் காலடிக்கு அவர் அஞ்சுவதில்லை. சக்கர ஓசைக்குத்தான் அஞ்சுகிறார். கடந்த பிறகு ஏறிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அரை நிமிடம் போகும்.

காலாங்கரைவாசி:

நான் அனுப்பவிருக்கும் கடிதத்தின் உள்ளடக்கத்தை இங்கே வைக்கிறேன். ஏற்பவர்கள் பெயர் சேர்த்துக்கொள்ளலாம்.

முழுத்தடையை எதிர்க்கிறேன் என்பதில் மாற்றமில்லை. ஆனால் 25 கிலோமீட்டர் என்ற ஒரே எல்லை பலகைக்குப் பொருந்தாது என்பதைச் சாய்வுமானியின் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த எல்லை, கைப்பிடியும் பிரேக்கும் உள்ள வாகனத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பலகைக்குச் சமதளத்தில் 15 கிலோமீட்டரும், அறிவிப்பு வைத்த சரிவுகளில் இறங்கி நடப்பதும் போதுமானவை என்று கேட்கப்போகிறேன். அறிவிப்பை யார் மதிப்பார்கள் என்ற மாலைநடை அம்மாவின் கேள்விக்குக் காகிதத்தில் விடை இல்லை, தரையில் இருக்கிறது. சரிவு தொடங்குவதற்குச் சற்று முன்பே பாதையின் குறுக்கே சொரசொரப்பான கற்பட்டை ஒன்றைப் பதித்தால், மிதிவண்டியும் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் இலேசான அதிர்வோடு கடந்துவிடும், சிறிய கெட்டிச் சக்கரத்தில் வருபவரோ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதிகாரி யாரும் அங்கே நிற்கத் தேவையில்லை. நீளப்பலகையின் பெரிய சக்கரத்தை இது முழுமையாகத் தடுக்காது, வேகத்தை மட்டும் உடைக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அகலம் பற்றியும் ஒரு பத்தி வரும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடப்பவருக்கும் சக்கரத்தில் வருபவருக்கும் தனித்தனிப் பாதை இருப்பதால்தான் அத்தனை கூட்டத்திலும் சமாளிக்க முடிகிறது. 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதைக்கு இணையாக ஓடும் நடைபாதைகள் பலவற்றில் மிதிவண்டிகளுக்கே இடமில்லை என்று சட்டம் மாறியிருக்கிறது. நடப்பவருக்கென்று ஓர் இடத்தை முழுமையாக ஒதுக்கும் அந்தக் கொள்கை ஆற்றோரத்தின் அகலமான பகுதிகளுக்கும் வரவேண்டும். பழைய, குறுகிய பகுதிகளில் அது இயலாது. அங்கே மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை பலகையும் மிதிவண்டியும் ஒன்றுபோல் நடைவேகத்துக்கு இறங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பலகைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை விதிப்பது நியாயமில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் ஊன்றுகோலை உரசிக்கொண்டு போகும் சக்கரங்களில் பெரும்பாலானவை மிதிவண்டிகளுடையவை.

சாய்வுமானி:

கற்பட்டையின் உயரத்தையும் இடைவெளியையும் எண்ணாகக் குறிப்பிடாதீர்கள். சக்கர நாற்காலியின் முன்சக்கரமும் சிறியதுதான். ஊன்றுகோலின் முனையும் இடுக்கில் மாட்டக்கூடாது. பார்வையற்றோருக்காகப் பதிக்கும் தொடுதள ஓடுகளோடு குழப்பம் வரவும் கூடாது. சோதனைக்கு ஒரு சுரங்கப்பாதையில் பதித்து, சக்கர நாற்காலியில் வருபவர்களை வைத்தே சரிபார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலைநடை:

உங்கள் கடிதத்தில் என் பெயர் வேண்டாம், ஐயா. குறுகிய பகுதிகளில் பலகை வேண்டாம் என்பதிலிருந்து நான் மாறவில்லை, தனியாக எழுதுகிறேன். மாலை நேர நடைவேகத்தையும் சரிவு பற்றிய கோரிக்கையையும் என் கடிதத்திலும் சேர்ப்பேன், இரண்டு தரப்பிலிருந்தும் ஒரே செய்தி போனால் கவனிப்பார்கள் என்பதால். சோதனைக்குச் சுரங்கப்பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது, கைப்பிடி இருபுறமும் உள்ளதாகப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படி அமைந்தால் இவரை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன். ஊன்றுகோல் அந்தக் கற்பட்டையில் நிற்கிறதா என்று அவர் நடந்து பார்த்துச் சொல்லட்டும்.